ஜீப் வந்த கதை

ஊர் எல்லையில் புழுதி கிளம்புகிறது. "ஜீப்பு வருது, ஜீப்பு வருது" என்று பிள்ளைகள் ஓடுகிறார்கள். டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து எட்டிப் பார்க்கிறார்கள். வருவது யார்? போலீசா? பி.டி.ஓ.வா? தடுப்பூசி போடும் நர்சம்மாவா? ஓட்டுக் கேட்க வருகிறவர்களா? இல்லை, பாங்குக் கடனை வசூல் செய்ய வருகிறவர்களா?

ஜீப் வந்தால் மனதில் ஒரு சந்தோஷமும் வரும், ஒரு பயமும் வரும். நம் கிராமங்களில் பல காலம் இப்படித்தான் இருந்தது. அரசாங்கம் என்றால் என்ன என்று கேட்டால், "ஜீப்பில் வருமே, அதுதான்" என்று சொன்னவர்கள்கூட உண்டு.

அந்த ஜீப் எங்கே பிறந்தது? யார் செய்தார்கள்? நம் நாட்டுக்கு எப்படி வந்தது? பார்ப்போம்.

49 நாள் கெடு

1940ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியின் படை லாரிகளிலும் டாங்குகளிலும் ஏறி நாடு நாடாகப் பிடித்துக்கொண்டு போனது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. ஆனாலும் அதன் ராணுவத்துக்குக் கவலை வந்துவிட்டது. தூது போக, வேவு பார்க்க அவர்களிடம் இருந்தவை குதிரையும் கோவேறு கழுதையும் மோட்டார் சைக்கிளும்தான். மோட்டார் சைக்கிள் சேற்றில் புதையும். குதிரைக்குத் தீனி வேண்டும்.

ஆகவே 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டது. "சின்ன வண்டி வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். காட்டிலும் மேட்டிலும் போக வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் செய்து தர வேண்டும்."

135 கம்பெனிகளில் முன்வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று வில்லிஸ் ஓவர்லாண்ட். இன்னொன்று பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. அது பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்னும் ஊரில் இருந்தது. குட்டிக் கார்கள் செய்து விற்றுப் பார்த்தது. விற்கவில்லை. கம்பெனியை மூடும் நிலை. படம் வரையும் பொறியாளர்கூட அங்கே மிச்சமில்லை.

அவர்கள் டெட்ராய்ட் நகரத்திலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்தார்கள். சம்பளம் பேசாமலே அவர் வந்தார். இரண்டே நாளில் வண்டியின் வரைபடத்தைப் போட்டு முடித்தார். பிறகு தொழிலாளர்கள் இரவு பகலாக வேலை செய்தார்கள். கடையில் கிடைத்த பாகங்களை வாங்கிக் கோத்தார்கள். கிடைக்காததைக் கையால் தட்டிச் செய்தார்கள்.

1940 செப்டம்பர் 23ஆம் தேதி மாலை 5 மணி கெடு. வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போய் ஹோலபேர்டு ராணுவ முகாமில் நிறுத்தினார்கள். அப்போது மணி நாலரை. உலகத்தின் முதல் ஜீப் அதுதான்.

பெற்றவர் ஒருவர், பெயர் வாங்கியவர் வேறொருவர்

அதிகாரிகளுக்கு வண்டி பிடித்துப்போனது. ஆனால் இத்தனை சின்னக் கம்பெனியால் ஆயிரக்கணக்கில் செய்து தர முடியுமா என்று சந்தேகப்பட்டார்கள். பாண்டம் வண்டியின் வரைபடத்தை எடுத்து வில்லிசுக்கும் போர்டு கம்பெனிக்கும் கொடுத்தார்கள். "நீங்களும் இதுபோல் செய்து காட்டுங்கள்" என்றார்கள்.

வில்லிசிடம் நல்ல எஞ்சின் இருந்தது. 60 குதிரைச் சக்தி உள்ளது. ஆனால் வண்டியின் எடை கூடிவிட்டது. ராணுவம் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. எஞ்சினை விடவும் மனமில்லை. வில்லிசின் தலைமைப் பொறியாளர் பெயர் ரூஸ். அவர் வண்டியைக் கழற்றிப் போட்டு ஒவ்வொரு பாகமாக எடை குறைத்தார். நீளமான போல்ட்டுகளின் நுனியை வெட்டினார்கள். பெயிண்டைக்கூட மெல்லிசாக அடித்தார்கள். அப்படித்தான் எடை அளவுக்குள் வந்தது.

1941 ஜூலையில் 16,000 வண்டி செய்யும் ஆர்டர் வில்லிசுக்குப் போனது. பிறகு அதே வண்டியைப் போர்டு கம்பெனியும் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகள் செய்துவிட்டன. பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. பிறகு அதற்குக் கிடைத்த வேலை, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெயிலர் செய்வது. அதன்பின் அந்தக் கம்பெனி கார் செய்யவே இல்லை.

"ஜீப்பைப் படைத்தது நாங்களே" என்று வில்லிஸ் விளம்பரம் செய்தது. அமெரிக்க அரசின் வணிகக் கமிஷன் இதை விசாரித்தது. ஜீப்பை உருவாக்கிய பெருமை பாண்டத்துக்கும் ராணுவத்துக்கும் உரியது, வில்லிஸ் அப்படிச் சொல்லக் கூடாது என்று 1948இல் உத்தரவு போட்டது. ஆனால் 1950இல் ஜீப் என்ற பெயர் வில்லிசுக்கே வியாபாரப் பெயராகப் பதிவானது. கெடுவுக்குள் வண்டி செய்து நிறுத்திய அந்தச் சின்ன ஊர்த் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது ஒரு காகிதத் தீர்ப்பு மட்டும்தான்.

சரி, ஜீப் என்ற பெயர் எப்படி வந்தது? பல கதைகள் உண்டு. ராணுவக் குறியீட்டில் இருந்த ஜி, பி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துச் சொன்னதில் வந்தது என்பார்கள் சிலர். பாப்பாய் என்னும் படக்கதையில் ஜீப் என்று ஒரு மாயப் பிராணி வரும். எங்கும் நுழையும், எதையும் செய்யும். அதன் பெயரைச் சிப்பாய்கள் வைத்தார்கள் என்பார்கள் வேறு சிலர். 1941இல் ஓர் ஓட்டுநர் இந்த வண்டியை அமெரிக்க நாடாளுமன்றத்தின் படிக்கட்டிலேயே ஏற்றிக் காட்டினார். "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்கள். "ஜீப்" என்றார் அவர். பத்திரிகையில் அச்சானது. பெயர் நிலைத்துவிட்டது.

நான்கு சக்கரமும் இழுப்பது எப்படி?

சாதாரணக் காரில் எஞ்சின் இரண்டு சக்கரத்தை மட்டும்தான் சுற்றும். மற்ற இரண்டும் சும்மா கூடவே உருளும். நல்ல சாலையில் அது போதும். சேற்றில் என்ன ஆகும்? எஞ்சின் சுற்றும் சக்கரம் வழுக்கும். நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். வண்டி நகராது.

ஜீப்பில் கியர் பெட்டியோடு இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது. எஞ்சினின் சக்தி அதற்குள் வந்து இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு பின் அச்சுக்கும், ஒரு பங்கு முன் அச்சுக்கும் போகும். பின் சக்கரம் வழுக்கினால் முன் சக்கரம் இழுக்கும். முன் சக்கரம் வழுக்கினால் பின் சக்கரம் தள்ளும். மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டால் மாடு முன்னால் இழுக்க, ஆட்கள் பின்னால் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுவோம் அல்லவா? அந்த வேலைதான்.

பழைய ஜீப்பில் ஓட்டுநரின் பக்கத்தில் கியர் கம்பியோடு இன்னும் இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கும். ஒன்று, முன் சக்கரத்துக்குச் சக்தியைச் சேர்க்கவும் நிறுத்தவும். இன்னொன்று, வண்டியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க. பாதி வேகம் எதற்கு? வேகம் குறைந்தால் இழுக்கும் பலம் இரண்டு மடங்காகும். நெல் மூட்டையை ஒரே தூக்காக லாரியில் ஏற்ற முடியாது. பலகையைச் சாய்த்து வைத்து மெதுவாக உருட்டினால் ஒரே ஆள் ஏற்றிவிடுவார். நேரம் அதிகம், பாரம் குறைவு. கியர் செய்வதும் இதையே.

வண்டியின் உடல் வெறும் தகரப் பெட்டி. கதவு கிடையாது. மேலே கித்தான் கூரை. வேண்டாம் என்றால் மடித்துவிடலாம். முன் கண்ணாடியைப் பானட் மேலே சாய்த்துப் படுக்கவைக்கலாம். போர்க்கால ஜீப்பில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. முன் விளக்கைத் திருப்பி எஞ்சின் பக்கம் காட்டலாம். இரவில் ரிப்பேர் வந்தால் வேறு விளக்கு தேட வேண்டாம். ஒன்றை மட்டும் பாராட்ட முடியாது. பெட்ரோல் டாங்கை ஓட்டுநரின் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள்!

முன்பக்கத்துக் கம்பி அடைப்பைக் கவனியுங்கள். முதலில் வில்லிஸ் கம்பிகளை வெல்டிங் செய்து வைத்தது. போர்டு கம்பெனி ஒரே தகரத்தை அச்சில் அழுத்தி, ஒன்பது நீளத் துளை போட்டது. செலவும் எடையும் குறைந்தன. பிறகு வில்லிசும் அதையே எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் பொதுமக்களுக்காகச் செய்த ஜீப்பில் விளக்குகள் பெரிதாயின. துளைகள் ஏழாகக் குறைந்தன. ஒன்பது துளை உள்ள பழைய ஜீப்பை எங்காவது பார்த்தால், அது போர்க்கால வண்டியின் முகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

அசாம் காட்டில்

போரின்போதே ஜீப் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. ஜப்பான் படை பர்மாவைப் பிடித்து, 1944இல் இம்பால், கோஹிமா வரை வந்தது. மழை, மலை, சேறு. பெரிய லாரி போக முடியாத இடத்தில் ஜீப் போனது. சோறும் குண்டும் ஏற்றிப் போனது. காயம்பட்டவர்களைப் படுக்கவைத்துத் திரும்பி வந்தது. அசாமின் லெடோ என்ற ஊரிலிருந்து சீனா வரைக்கும் அமெரிக்கர்கள் சாலை போட்டபோதும் ஜீப்புகள் ஓடின. பர்மாவில் ரயில் எஞ்சின் கிடைக்காத இடத்தில், ஜீப்பின் டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் ஓட்டினார்கள். பின்னால் ரயில் பெட்டிகளையும் இழுத்தது!

போர் முடிந்தது. மிஞ்சிய ஜீப்புகள் உலகம் எங்கும் கிடந்தன. பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் அவற்றை வாங்கி, நீளமாக்கி, வண்ணம் அடித்துப் பஸ்ஸாக ஓட்டினார்கள். அதுதான் ஜீப்னி. இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். அதைப் பார்த்தே லாண்ட் ரோவர் வண்டிக்கு யோசனை செய்தார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது.

வில்லிஸ் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 1945இலேயே பொதுமக்கள் ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தது. பின்னால் திறக்கும் கதவு வைத்தது. உழலாம், பட்டை மாட்டி மரம் அறுக்கலாம் என்று விவசாயிகளிடம் விற்றது. அந்த வண்டிக்குப் பெயர் சி.ஜே. பிறகு சி.ஜே. 3பி, சி.ஜே. 5, சி.ஜே. 7 என்று வரிசையாக வந்தன. 1986வரை இந்த வரிசை ஓடியது. கம்பெனிதான் கை மாறிக்கொண்டே இருந்தது. வில்லிசிடமிருந்து கெய்சர், பிறகு ஏ.எம்.சி., பிறகு கிரைஸ்லர்.

நம் நாட்டு ஜீப்

1945இல் மகிந்திரா அண்டு முகம்மது என்று ஒரு கம்பெனி தொடங்கியது. இரும்பு வியாபாரம். ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா என்ற அண்ணன் தம்பியும், மாலிக் குலாம் முகம்மது என்பவரும் பங்காளிகள். 1947இல் நாடு பிரிந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போனார். அந்த நாட்டின் முதல் நிதி அமைச்சர் ஆனார். பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று மாறியது.

கே.சி. மகிந்திரா போர்க்காலத்தில் அமெரிக்காவில் இருந்தவர். அங்கே ஜீப்பைப் பார்த்திருந்தார். சாலையே இல்லாத நம் நாட்டுக்கு இது பொருந்தும் என்று நினைத்தார். 1940களின் கடைசியில் பம்பாயில் மசகானில் ஜீப் பூட்டும் வேலை ஆரம்பமானது. பாகங்கள் பெட்டி பெட்டியாக அமெரிக்காவிலிருந்து வந்தன. இங்கே கோத்தார்கள். 1950களின் நடுவில் பாகங்களை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். சி.ஜே. 3பி என்ற அந்த உயர்ந்த பானட் உள்ள ஜீப், அமெரிக்காவில் 1968இல் நின்றுபோனது. நம் நாட்டில் அதே உருவம் பல பத்தாண்டுகள் ஓடியது.

இதற்கு நடுவில் ஒரு புகாரும் எழுந்தது. 1948இல் ராணுவத்துக்கு ஜீப் வாங்க லண்டனில் ஓர் ஒப்பந்தம் நடந்தது. சுமார் 80 லட்சம் ரூபாய். வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். அவை உபயோகமில்லாதவை என்று நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள். 1955இல் அரசு விசாரணையை முடித்துக்கொண்டது. விடுதலைக்குப் பின் எழுந்த முதல் பெரிய ஊழல் புகார் என்று இதைச் சொல்வார்கள்.

1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நாடு முழுவதையும் வட்டாரங்களாகப் பிரித்தார்கள். வட்டாரத்துக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு ஜீப். விதையும் உரமும் பற்றிச் சொல்ல அது வந்தது. யுனிசெப் நிறுவனம் சுகாதார நிலையங்களுக்கு ஜீப் கொடுத்தது. 1970களில் பெரியம்மையை ஒழிக்க வந்தவர்கள் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஜீப்பில் ஊர் ஊராகப் போனார்கள். ஜீப் நின்ற இடத்திலிருந்து நடந்து போய் வீடு வீடாகத் தேடினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது.

அதே 1975, 76இல் இன்னொரு ஜீப்பும் ஊருக்குள் வந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆண்களைப் பிடித்துப் போக வந்த ஜீப். வடநாட்டுக் கிராமங்களில் புழுதியைப் பார்த்தவுடன் ஆண்கள் கரும்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அம்மை ஊசி போட வந்ததும் ஜீப்தான், அடித்து இழுத்துப் போக வந்ததும் ஜீப்தான். வண்டிக்கு என்ன தெரியும்?

கரும்புத் தோட்டத்தில் ஒரு ஜீப்

உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டத்தில் தாமுபூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு தையற்காரரின் மகன் அப்துல் ஹமீது. ராணுவத்தில் ஹவில்தார் ஆனார். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர். பஞ்சாபில் கேம்கரண் பகுதியில் பாட்டன் டாங்குகள் வந்தன. அவை அந்தக் காலத்தில் மிகப் பலமானவை.

ஹமீதிடம் இருந்தது ஒரு ஜீப். அதன்மேல் டாங்கை உடைக்கும் நீளமான பீரங்கி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். டாங்குக்கு இரும்புக் கவசம் உண்டு. ஜீப்புக்குத் தகரம்கூடச் சரியாக இல்லை. ஆனால் ஜீப் தாழ்வானது. கரும்புப் பயிருக்குள் மறையும். மறைந்திருந்து சுடுவார். சுட்டவுடன் இடம் மாறுவார். ஒன்றன்பின் ஒன்றாக டாங்குகள் எரிந்தன. கடைசியில் ஒரு டாங்கின் குண்டு அவருடைய ஜீப்பின்மேல் விழுந்தது. அவர் இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது.

பத்துப் பேர் வண்டியில் இருபது பேர்

1980களில் மகிந்திரா ஜீப்புக்கு டீசல் எஞ்சின் நன்றாக அமைந்தது. பெட்ரோலைவிடச் செலவு குறைவு. பஸ் போகாத ஊர்களில் வாடகை ஜீப் ஓட ஆரம்பித்தது. ராஜஸ்தான், பீகார், டார்ஜிலிங், இடுக்கி என எங்கும் அதே காட்சி. உள்ளே நெருக்கி உட்காருவார்கள். பின்னால் தொங்குவார்கள். பானட் மேலும் ஏறுவார்கள். ஓட்டுநரே பாதி உடம்பு வெளியே தெரிய ஓட்டுவார்.

தேனி மாவட்டத்தின் கம்பம், போடி பக்கத்திலிருந்து பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மலைமேல் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். தூக்குவாளியில் சோறு. மடியில் இன்னொருத்தி. கொண்டை ஊசி வளைவுகள். மாலையில் அதே வழியில் திரும்புவார்கள். ஜீப் மேட்டில் ஏறும்படி உயரமாகச் செய்த வண்டி. அகலம் குறைவு. பாரம் மேலே ஏறினால் வளைவில் சாயும். கூரை கித்தான்தான். கவிழ்ந்தால் தலைக்குக் காவல் இல்லை.

2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி கேரளத்தில் வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே, தேயிலைத் தோட்ட வேலை முடித்துத் திரும்பிய ஜீப் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. 9 பேர் இறந்தார்கள். ஒன்பது பேரும் பெண்கள். ஜீப்பில் ஏறுகிற யாருக்கும் இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. பஸ் வராத இடத்தில் வேறு எதில் ஏறுவது?

ஆகவே ஓட்டுநர் கூடுதலாக ஆள் ஏற்றினால் கேட்கலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அவர் கோபப்பட மாட்டார். பஸ் வேண்டும் என்று மனு எழுதலாம். எழுதப் படிக்கக் கற்றவர்கள் ஊரில் இருந்தால் அந்த மனுவுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

பெயர்ச் சண்டை மறுபடியும்

2010இல் மகிந்திரா கம்பெனி பழைய ஜீப் உருவத்தில் தார் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. ராஜஸ்தானின் தார் பாலைவனத்தின் பெயர் அது. 2020இல் புதிய தார் வந்தது. கூரையை மடிக்கும் வண்டியும் அதில் வந்தது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நகரத்து இளைஞர்கள். சேற்றுக்காக வாங்குகிறவர்கள் குறைவு.

2018இல் மகிந்திரா ராக்சர் என்ற வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. சாலைக்கு அல்ல, பண்ணைக்கும் காட்டுக்கும். அதைப் பார்த்து, அப்போது ஜீப் பெயரை வைத்திருந்த பியட் கிரைஸ்லர் கம்பெனி வழக்குப் போட்டது. "இது எங்கள் ஜீப்பின் முகம்" என்றது. 2020இல் மகிந்திராவுக்கு எதிராக முடிவானது. மகிந்திரா முகத்தை மாற்றி வேறு விதமாகச் செய்தது. மாற்றிய உருவத்தை அதே ஆண்டு டிசம்பரில் அனுமதித்தார்கள். பட்லர் ஊரில் பாண்டம் செய்த முதல் வண்டியைப் பற்றி அந்த வழக்கில் யாருக்கு நினைவு வந்திருக்குமோ!

இதற்குள் இந்தியாவிலும் ஜீப் என்ற பெயரில் அமெரிக்கக் கம்பெனியே கடை திறந்துவிட்டது. அது 2016இல். ஆனால் நம் ஊரில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் மக்கள் ஜீப் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு யாரும் வழக்குப் போட முடியாது.

பழைய வண்டிகளும் போய்விடவில்லை. மேற்கு வங்காளத்தில் டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சாங் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ மலைக்குப் போகும் பாதை பல ஆண்டுகள் வெறும் கல். தேயிலைத் தோட்ட வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன லாண்ட் ரோவர்கள் அந்தப் பாதையில் 60 ஆண்டுக்கு மேல் ஓடின. உடைந்த பாகத்தை அங்கேயே செய்து மாட்டினார்கள். தேவைப்பட்டால் எஞ்சினையும் மாற்றினார்கள். அதில் உட்கார்ந்து போனவர்களின் முதுகைக் கேட்டால்தான் தெரியும். பாதையில் சிமெண்ட் போட்ட பிறகு பொலிரோக்கள் வந்துவிட்டன. பழைய வண்டியில் போகத்தான் வேண்டும் என்று கேட்டு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கொஞ்சம் லாண்ட் ரோவர்கள் காலையில் வரிசையில் நிற்கின்றன.